பச்சமுத்துவுக்குப் பின்னால் இருந்த சுவர்

கோரைக்குப்பத்தில் பச்சமுத்து வீட்டுக் கடல் பக்கச் சுவர் விழுந்துவிட்டது எல்லோருக்கும் தெரியும். அடித்துத் தள்ளிய புயலுக்குத் தெரியும். அன்று முதல் அந்த வழியாக உள்ளே வந்து மீன் கூடையை முகர்ந்துவிட்டுப் போகும் நாய்களுக்குத் தெரியும். பரங்கிப்பேட்டை மார்க்கெட்டில் அவன் மனைவி ஜோதிலட்சுமியிடம் மீன் வாங்குகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவளே சொல்லிவிடுவாள். தெரியாத இடம் ஒன்றே ஒன்று. அதைத் தெரிந்துகொள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற இடம் அது.

சுவர் இல்லாமலும் மனிதர்கள் வாழ்ந்துவிடலாம். பச்சமுத்துவும் தார்ப்பாயைக் கட்டிவிட்டு வாழத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் மகள் பூஜா மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். முடசல் ஓடை கிராமத்தில் இருந்த சம்பந்தியம்மா நல்ல மனுஷிதான், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

“செவுரு வச்சிட்டு வந்து அழைச்சிக்கிட்டுப் போங்க. அது வரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டும். பச்சப் புள்ளயோட கடக்காத்துல படுக்கவா அனுப்புவேன்?” என்று சொல்லிவிட்டாள்.

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் ஜோதிலட்சுமிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “எம் பொண்ணு தலப்பிரசவத்துக்கு மாமியா வூட்லயே கெடந்தான்னு நாளைக்கு நாலு பேரு பேசணுமா? ஐப்பசி மழைக்கு முன்னாடி எனக்குச் செவுரு நிக்கணும் மாமா. அவ்ளோதான்” என்றாள்.

சுவர் விழுந்தவர்களுக்கு அரசாங்கமே கட்டித் தரும் என்று அறிவிப்பு வந்திருந்தது. பணமாகக் கொடுத்தால் சனங்கள் சாப்பிட்டுவிடுவார்கள் என்பதால், ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பிச் சுவராகவே கட்டித் தருவார். எல்லாம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த மாவட்டப் பயனாளி முகத்துலக்க மையத்தின் மூலமாக நடக்கும்.

இந்த மையம் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மனிதர் ஏதோ ஓர் ஊரில் பொதுக் கழிப்பறையைத் திறந்துவைத்தார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் அவர் கத்தரிக்கோலும் சிரிப்புமாக இருந்தார். அவர் தோளுக்குப் பின்னால், வேலிகாத்தான் புதர் ஓரம், ஒருவர் சொம்போடு குந்தியிருந்தார். படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போயிற்று. கழிப்பறைக்குத் தண்ணீர் விடுவதா, பின்னணி தெரியாமல் படம் எடுப்பதா என்று கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள். இரண்டாவது வழியே சிக்கனமானது என்று முடிவாகி, அதற்கென்று ஒரு மையம், ஒரு தனி அலுவலர், ஒரு ஜீப்பு, நிறைய செல்போன்கள் என்று ஏற்பாடாயிற்று. உதவி கேட்கிற எவரையும் மையத்தின் செல்போனில்தான் படம் எடுக்க வேண்டும். முகம் பளிச்சென்று இருக்க வேண்டும், பின்னால் இருப்பதெல்லாம் மங்க வேண்டும். யாராவது நேரில் வந்து பார்ப்பது, விசாரிப்பது போன்ற பழைய காலத்து வழக்கங்கள் ஒழிக்கப்பட்டன.

கோரைக்குப்பத்துக்கு வந்தவள் வினோதினி. கம்மாபுரத்துப் பெண், ஒப்பந்த வேலை. மையத்தின் செல்போனைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

“அண்ணே, செவுத்துக்கு முன்னாடி நில்லுங்க. இன்னும் முன்னாடி. இன்னும் வாங்க. செவுத்துகிட்டயே நின்னீங்கன்னா பின்னாடி ப்ளர் ஆவாது.”

பச்சமுத்து நகர்ந்து நகர்ந்து பக்கத்து வீட்டுத் தென்னமரத்தடிக்கே வந்துவிட்டான்.

“இப்ப சிரிங்கண்ணே.”

“செவுரு வுழுந்துட்டுதும்மா.”

“தெரியிதுண்ணே. ஆனா மூஞ்சில நன்றி தெரியணும், இல்லன்னா போன்ல இருக்கற ஆப்பு எடுத்துக்காது. தோ பாருங்க, செவப்புக் கட்டமாவே நிக்கிது.”

“இன்னும் ஒண்ணுமே குடுக்கலியே, நன்றி எங்கேருந்து வரும்?”

“முன்கூட்டியே காட்டணும்ணே.”

பச்சமுத்து கல்யாணத்தன்று சிரித்த மாதிரி சிரித்தான். கட்டம் பச்சையாயிற்று. வினோதினி படத்தைக் காட்டியபோது ஜோதிலட்சுமி போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். வெயிலிலும் உப்பிலும் காய்ந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும், நரைத்த மீசையில் ஒவ்வொரு முடியும் எண்ணிக்கொள்ளலாம் போல இருந்தன. “இன்னா மாமா, நீ இவ்ளோ அழகாவா இருந்த? இத்தினி வருசமா எனக்குத் தெரியலியே” என்றாள். ஒரு நிமிடம் அவளுக்குச் சுவரே மறந்துபோயிற்று. மறக்காமல் என்ன செய்யும்? படத்தில் சுவர், கடல், தார்ப்பாய் எல்லாம் கரைந்து ஒரே வெள்ளை மூட்டமாகத்தான் இருந்தது.

பத்து நாளைக்குள் பதில் வந்தது. பயனாளியின் முகம் மிகவும் திருப்திகரமாக உள்ளது; சேதம் ஏதும் புலப்படவில்லை; ஆகவே கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.

பச்சமுத்து சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கடலூருக்குப் போனான். மஞ்சக்குப்பத்தில் அந்த மையம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. தனி அலுவலர் ஞானசேகரன் அறை முழுக்க அவருடைய படங்களே மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் அவர் முகம் மட்டும் துல்லியமாக, சுற்றிலும் பஞ்சுப்பொதி மாதிரி மங்கலாக இருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் அவர் பெருமையாக. “இதுல ஒண்ணு வெள்ளம் வந்தப்போ எடுத்தது. ஒண்ணு என் தம்பி கல்யாணத்துல எடுத்தது. எது எதுன்னு எனக்கே தெரியாது. அதான் தரம்.”

பச்சமுத்து தன் சுவர் விழுந்த கதையைச் சொன்னான். ஞானசேகரன் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டார். மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. டீ கூட வரவழைத்துக் கொடுத்தார்.

“உங்க செவுரு வுழுந்திருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா படத்துல வுழலியே? நான் உங்கள நம்புறதா, ஆதாரத்த நம்புறதா?”

“அய்யா ஒரு எட்டு வந்து பாத்துட்டா தெரிஞ்சிடும்.”

ஞானசேகரன் சிரித்தார். “இதத்தான் எல்லாரும் சொல்றாங்க. நேர்ல வந்தா எல்லாம் தெரிஞ்சிடும் பச்சமுத்து. அதானே தொந்தரவே! கண்ணு இருக்கே, அதுக்கு எதயும் மங்கலாக்கத் தெரியாது. ஒரு செவுத்தப் பாக்கப் போனா பக்கத்துல ரோடு இல்லாதது தெரியும், லைட்டு எரியாதது தெரியும். அப்புறம் எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து ஒரு எடத்தயும் நேர்ல பாத்ததில்ல. அதனாலதான் என் மேல ஒரு புகார் கிடையாது.”

“அப்ப நான் இன்னாதான் சார் செய்யட்டும்?”

“பின்னணியில இருக்கறதுதானே மங்குது? செவுத்த முன்னணிக்குக் கொண்டாங்க.”

வீட்டுச் சுவரை எப்படி முன்னால் கொண்டுவருவது என்று பச்சமுத்து திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் யோசித்தான். புதுச்சத்திரம் வந்தபோது புரிந்தது. விழுந்த சுவர்தானே, செங்கல் செங்கலாக வருமே!

அடுத்த முறை வினோதினி வந்தபோது அவன் தயாராக இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து மடி நிறைய உடைந்த செங்கல்லை அடுக்கி, மேலே ஒன்றைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டான். நன்றியோடு சிரித்தான். முகமும் செங்கல்லும் பளிச்சென்று விழுந்தன. படத்தைப் பார்த்த ஜோதிலட்சுமி மட்டும் புருவத்தைச் சுளித்தாள்.

“ஏம்மா, எங்கூட்டுக்காரரு காது எங்க?”

உண்மைதான். இரண்டு காதும் பின்னணியோடு சேர்ந்து கரைந்துபோயிருந்தன. செல்போன் சில நேரம் அப்படித்தான் செய்யும், காதையும் கலைந்த முடியையும் ஆளோடு சேர்ப்பதா வேண்டாமா என்று அதற்கே குழப்பம் வந்துவிடும் என்று வினோதினி விளக்கினாள். “ஆப்பு ஏத்துக்கிச்சிக்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள் பாவமாக.

இம்முறை இரண்டு பதில்கள் வந்தன. முதலாவது: பயனாளியிடம் போதிய கட்டுமானப் பொருள் கையிருப்பில் உள்ளது படத்தால் உறுதியாவதால் உதவி தேவைப்படவில்லை. இரண்டாவது, அவன் கேட்காமலே வந்தது: பயனாளிக்குச் செவிகள் இல்லை என்பது மையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அத்துடன் ஒரு காது கேட்கும் கருவியும் பார்சலில் வந்திருந்தது. மையத்தில் செவிக்கென்று இருந்த பிரிவு அவ்வளவு சுறுசுறுப்பு.

ஜோதிலட்சுமி அந்தக் கருவியை எடுத்து முற்றத்தில் வீசினாள். “காது இருக்கறவனுக்குக் காது குடுக்குது, செவுரு இல்லாதவனுக்குச் செவுரு குடுக்க மாட்டேங்குது. இன்னா ஆபீசுய்யா அது? நாசமாப் போவ!” பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “அங்க அந்தப் புள்ள தெனம் போன் போட்டு, எம்மா எப்ப வருவ, எப்ப வருவங்குது. நான் இன்னா சொல்லட்டும் மாமா?”

பச்சமுத்து காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இப்படி வரிசையாகத் தலையில் விழுவதற்கு ஊர்க்கண்தான் காரணம் என்று ஜோதிலட்சுமி முடிவுகட்டினாள். புதுச்சத்திரம் சந்தையில் ஒரு திருஷ்டி பொம்மை முகத்தை வாங்கிவந்தாள். முறுக்கிய மீசை, முட்டைக் கண், சிவப்பு உதடு, காதோரம் வரைக்கும் பல். சுவர் இருந்தால் சுவரில் மாட்டலாம். இல்லாததால், இடிந்த சுவரின் அடிக்கட்டை நடுவே தார்ப்பாய்க்காக நட்டிருந்த சவுக்குக் கழியில் ஆள் உயரத்துக்குக் கட்டினாள்.

மூன்றாம் முறை வினோதினி வந்தாள். பச்சமுத்து சிரிப்பதையே விட்டிருந்தான். பக்கவாட்டில், சும்மா, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். வினோதினி போனை உயர்த்தினாள். திரையில் மஞ்சள் கட்டம் இங்கும் அங்கும் அலைந்து ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டது. டிங் என்று சத்தம் வந்தது. கட்டம் இதுவரை யாருக்கும் ஆகாத அளவு பச்சையாயிற்று.

வினோதினி திரையைப் பார்த்தாள். கழியில் இருந்த பொம்மையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அய்யய்யோ” என்றாள்.

படத்தில் திருஷ்டி பொம்மை முகம் அப்படியே உயிரோடு இருந்தது. அதைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்கு இடிந்த சுவரும் விரிசலும் துல்லியமாகத் தெரிந்தன. ஓரத்தில் ஒரு மங்கல் நிழல். அதுதான் பச்சமுத்து.

“அழிச்சிடும்மா” என்றான் பச்சமுத்து.

“முடியாதுண்ணே. நூத்துக்கு நூறுன்னு வந்துட்டுது. நன்றிக்குத் தனியா நட்சத்திரம் குடுத்திருக்கு. இப்டி ஒரு படத்த அழிச்சா என்னத்தான் வேலைய வுட்டு அனுப்புவாங்க. எனக்கு இத்தன நாள்ல இவ்ளோ மார்க்கு வந்ததே இல்லண்ணே.”

அந்த வாரமே அனுமதி வந்தது. பெயர்: பச்சமுத்து. படம்: முறுக்கு மீசை, முட்டைக் கண். சேதம்: தெளிவாகப் புலப்படுகிறது.

ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சிமெண்டு மூட்டையோடு வந்து இறங்கினார். ஜோதிலட்சுமி ஆரத்தி எடுக்காத குறைதான். மேஸ்திரி செல்போனில் இருந்த படத்தைப் பார்ப்பதும் கல்லை வைப்பதுமாக மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டுக் கரண்டியைக் கழுவினார். இடிந்த சுவரின் நடுவே, ஓர் ஆள் அகலத்துக்கு, கூரை வரைக்கும் ஒரு புதுச்சுவர் நின்றது. இந்தப் பக்கமும் கடல் தெரிந்தது, அந்தப் பக்கமும் கடல் தெரிந்தது.

“மச்சான், மீதி?” என்றான் பச்சமுத்து.

“எது மீதி? படத்துல தெளிவா தெரியிற சேதத்த மட்டும்தான் கட்டச் சொல்லி ஆர்டரு. மங்கலா இருக்கறதெல்லாம் எங்க கணக்குல வராது. தோ, நீயே பாரு.” மேஸ்திரி படத்தைக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். சுவர் எங்கே முடிந்ததோ அங்கேதான் பொம்மையின் வெளிச்சமும் முடிந்தது.

மேஸ்திரி போன பிறகு பச்சமுத்து அந்த ஒற்றைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முதுகுக்கு மட்டும் காற்று படவில்லை. ஜோதிலட்சுமி எதிரே நின்று இடுப்பில் கைவைத்துச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல விரிந்தது. மார்க்கெட்டில் பழைய மீனைப் புது மீனென்று சாதிக்கும்போது வருகிற சிரிப்பு அது.

“மாமா, அந்த போனுக்கு மூஞ்சி இருந்தாப் போதும். மூஞ்சி இருக்கற எடத்துல செவுரு வருது. அப்டித்தானே?”

“அப்டித்தான்.”

“அப்ப மூஞ்சிக்கு எங்க பஞ்சம்?”

அவள் குப்பம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினாள். திருஷ்டி பொம்மையை லேசில் யாரும் இரவல் தரமாட்டார்கள். கண்ணேறு காக்கிறதை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால் தன் வீட்டுக் காவல் போய்விடும் என்று பயம். ஜோதிலட்சுமி ஒருத்தியிடம் கெஞ்சினாள், ஒருத்தியிடம் கெளுத்தி மீன் கொடுத்தாள், ஒருத்தியிடம் “எம் பொண்ணுக்குப் பிரசவம்டி, உனக்கும் பொண்ணு இருக்குதுல்ல” என்று கண்ணைக் கசக்கினாள். சாயங்காலம் திரும்பியபோது கூடையில் மீனுக்குப் பதில் முகங்கள் இருந்தன. இடைவெளி விட்ட இடமெல்லாம் சவுக்குக் கழி நட்டு, ஆளுக்கொரு முகமாகக் கட்டினாள்.

வினோதினி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, ஒவ்வொருத்தருக்கும் பேர் கேக்குமே ஆப்பு!”

“போட்டுக்க. அந்தப் பெரிய மீச சடையப்பன். கன்னம் உப்புனவன் சுப்புராயன். நாக்கத் தொங்க வுட்டுக்கிட்டு நிக்குதே, அது தைலம்மா.”

பச்சமுத்து துள்ளி எழுந்தான். “ஏ புள்ள, எங்கம்மா பேரயா வைக்கிற?”

“ஏன், பொருத்தமா இல்ல?”

பச்சமுத்து பொம்மையை ஒரு கணம் பார்த்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

படங்கள் டிங் டிங் என்று ஏறின. ஒவ்வொன்றிலும் முகம் துல்லியமாக விழுந்தது, நன்றிக்கு நட்சத்திரம் விழுந்தது. அனுமதிகள் வந்தன. மேஸ்திரி திரும்ப வந்தார். சடையப்பனுக்கு ஒரு துண்டு, சுப்புராயனுக்கு ஒரு துண்டு, தைலம்மாளுக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாகக் கட்டினார். துண்டும் துண்டும் ஒட்டி, கடைசியில் கடல் பக்கம் ஒரே சுவராக நின்றது. மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இன்னா மச்சான், அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாம் ரொம்ப நெருக்கமாத்தான் இருக்கீங்க” என்றார்.

இதற்கு நடுவில் சிதம்பரத்தில் விழா வைத்தார்கள். வடக்கு வீதி கல்யாண மண்டபத்தில், பயனாளிகள் எல்லோரும் நேரில் வந்து ஆணை பெற்றுக்கொள்ள வேண்டும், வாசலில் முகம் சரிபார்க்கப்படும் என்று தகவல். பச்சமுத்து முகத்தை வாசலில் காட்டினான். சிவப்பு. மறுபடி காட்டினான். சிவப்பு. ஜோதிலட்சுமி பொம்மைகளைப் போட்டுச் சுமந்துவந்திருந்த கூடையிலிருந்து முதல் பொம்மையை எடுத்துக் காட்டினான். டிங் என்று பச்சை வந்து, “வருக பச்சமுத்து” என்று போனே வாய்திறந்து சொல்லிற்று.

பொம்மைகளை மேடைக்குக் கீழே முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு சந்தனப் பொட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். பச்சமுத்துவையும் ஜோதிலட்சுமியையும் பார்த்து, “உதவியாளரெல்லாம் பின்னாடி போங்க” என்று விரட்டினார்கள்.

ஞானசேகரன் மேடையேறினார். முதல் வரிசையைப் பார்த்தார். குனிந்து, மேடையோரம் நின்ற வினோதினியிடம் ரகசியமாகக் கேட்டார்.

“இவுங்கல்லாம் ஆப்புல பாஸ் ஆயிட்டாங்களா?”

“ஆயிட்டாங்க சார். எல்லாம் நூத்துக்கு நூறு.”

“அப்ப சரி” என்று அவர் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, இந்தப் பயனாளிகளைப் பாருங்கள்! எத்தனை பயனாளிகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். வந்ததும் அழுவார்கள். அது இல்லை, இது இல்லை என்பார்கள். சாலையைப் பற்றிப் பேசுவார்கள், குடிதண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். இவர்களோ, உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதையும் கேட்கவில்லை. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. இப்படிப்பட்ட மக்களைத்தான் இந்த மையம் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் இவர்களைப் பார்த்துத் திருந்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்!”

கைத்தட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. பின்வரிசையில் ஜோதிலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பச்சமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயரைச் சொல்லி அந்த முட்டைக் கண்ணுக்கு மாலை போட்டபோது அவனுக்கு என்னவோ போல இருந்தது. பந்தியில் கொத்சு நன்றாக இருந்ததால் கொஞ்சம் தேறினான்.

வளைகாப்பு முடிந்து பூஜாவை அழைத்துவந்தார்கள். சம்பந்தியம்மாவும் கூடவே வந்து, சுவரை விரலால் தட்டிப் பார்த்து, “கெட்டியாத்தான் இருக்குது” என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் போனாள். பொம்மைகள் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிப் போயின. ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பூஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுவந்த அன்று கடல் காற்று சுவருக்கு அந்தப் பக்கம் ஊளையிட்டது, இந்தப் பக்கம் விளக்குகூட அசையவில்லை. பச்சமுத்து அன்று சும்மா சும்மா போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குழந்தைக்கு மொட்டை போடுவதற்குள் வினோதினி வந்தாள். இம்முறை முகம் வெளிறியிருந்தது.

“அண்ணே, பெரிய வம்பாயிட்டுது. கட்டுன வூடுகள்ல பயனாளிதான் இருக்காரான்னு சரிபாக்கறாங்க. விழா வாசல்ல ஒங்க மூஞ்சி செவப்பானத வச்சி ஆபீசுல ஒங்க மேல புகார் பதிவாயிருக்கு.”

“எம்மேலயா? நான் இன்னா பண்ணேன்?”

அவள் படித்துக் காட்டினாள். பச்சமுத்து, சடையப்பன், சுப்புராயன், தைலம்மாள் ஆகிய பயனாளிகளுக்குக் கட்டித் தரப்பட்ட இடத்தில், முகம் பொருந்தாத ஒரு நபர் குடும்பத்துடன் ஆக்கிரமித்து வசிப்பதாகத் தெரிகிறது. அவர் தம்மைப் பச்சமுத்து என்று கூறிக்கொள்வதாகவும் அறியப்படுகிறது. படத்துடன் உறுதிசெய்து அவரை உடனே வெளியேற்ற வேண்டும்.

பூஜா குழந்தையை இறுக்கிக்கொண்டு, “எப்பா, எங்கப்பா போறது?” என்றாள். வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் படம் எடுத்தே ஆவணும்ணே. இல்லன்னா வேற ஆளு வந்து எடுப்பாங்க.”

பச்சமுத்து குழந்தையைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினான்.

“எடும்மா. ஆபீசு முறைப்படியே எடு.”

அவன் பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் பொம்மையை மறுபடி வாங்கிவந்தான். தென்னமரத்தடியில், முதல் நாள் தான் சிரித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில், ஒரு கழியை நட்டு அதைக் கட்டினான். பிறகு நிதானமாக நடந்து வீட்டுக்குள் போய், சுவரோரம் பாயை விரித்து, மனைவி, மகள், பேத்தி எல்லோரையும் தன்னைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டான். அங்கிருந்து திறந்த வாசல் வழியாகக் கையை ஆட்டினான்.

“ம், எடு! நாங்க எல்லாரும் பின்னாடிதான் இருக்கோம்!”

டிங் என்றது.

மஞ்சக்குப்பத்தில் ஞானசேகரன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். முகம் ஒன்று மிகத் திருப்திகரமாக இருந்தது. பின்னால் வெள்ளை மூட்டம் தவிர ஒன்றும் இல்லை. ஆக்கிரமிப்புப் புகாரை அவரே தள்ளுபடி செய்து பதில் எழுதினார். வினோதினி அதை வாசலில் நின்று உரக்கப் படித்தாள். குறிப்பிட்ட வீட்டில் மனிதர்கள் எவரும் வசிக்கவில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது.

பச்சமுத்துவால் அதை முழுதாகக் கேட்க முடியவில்லை. மடியில் இருந்த பேத்தி வேட்டியை நனைத்துவிட்டு, பாலுக்கு வீறிட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.